பெட்டியாகத் தெரியும் பெயர்கள்

2014-இல் எனக்கு 24 வயது. எஞ்சினியரிங் முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. தைவானில் எலும்பு மருத்துவம் பார்க்கும் சிறிய க்ளினிக் ஒன்றின் நோயாளிப் பதிவேட்டை, பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்து ப்ரௌசரில் ஓடும்படி மாற்றித் தரும் வேலை எங்கள் டீமுக்கு வந்தது. எனக்குச் சீன எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்றார் மேனேஜர்.

"அது வெறும் டேட்டாப்பா. தமிழா, சைனீஸான்னு எல்லாம் பார்க்காத. பைட்டுக்கு மொழி கிடையாது."

பைட்டுக்கு மொழி கிடையாது என்பது உண்மைதான். எல்லாப் பிரச்சினையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் செய்வதைச் சோதித்துப் பார்க்கத் தைபேயில் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். சாட்டில் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன், மனசுக்குள் அக்கா. தைவான் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் ஆபீஸ் வாசலில் காலை டீ குடிக்கும்போது அக்கா பாதி நாள் வேலையை முடித்துவிட்டு எனக்கான புகார்களை வரிசையாக அனுப்பி வைத்திருப்பார். முதல் நாள் வந்தது ஒரு ஸ்க்ரீன்ஷாட். பக்கம் முழுக்கத் தலையில் குல்லா வைத்த ஐரோப்பிய எழுத்துகள், வாலில் கொக்கி மாட்டிய எழுத்துகள், நடுநடுவே பவுண்டு குறி, டிகிரி குறி. கீழே ஒரே வரி: "இதில் என் மொழி எங்கே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குப்பையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். 2006 வாக்கில் எங்கள் ஊர் ப்ரௌசிங் சென்டரில் தமிழ்ப் பக்கங்களைத் திறந்தால் இப்படித்தான் வரும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. அதை இறக்கிப் போடாவிட்டால் திரையில் தமிழ் வராது. சென்டர் அண்ணன்தான் ப்ரௌசர் மெனுவில் என்கோடிங் என்று ஒன்று இருப்பதைக் காட்டினார். சில பக்கங்கள் அதை மாற்றினாலே சரியாகிவிடும். மற்றவற்றை அள்ளிக்கொண்டுபோய் ஒரு கன்வெர்ட்டரில் போட வேண்டும். பட்டனை அழுத்தினால் குப்பை தமிழாகும். பதினாறு வயதில் அது மந்திரம் மாதிரி இருந்தது.

மந்திரம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை வேண்டும். ஆஸ்கி என்ற அமெரிக்க அட்டவணையில் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும், மிச்சமும் இருக்கும். ஒரு பைட்டை முழுதாகப் பயன்படுத்தினாலும் 256-தான். ஆயிரக்கணக்கான எழுத்துகள் உள்ள சீனத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் என்று முடிவு செய்தார்கள். சீனா 1980-இல் ஜிபி 2312 என்று ஓர் அட்டவணை போட்டது, அதில் 6,763 சீன எழுத்துகள். பழைய, சுருக்கப்படாத எழுத்துகளையே வைத்துக்கொண்ட தைவான் 1984-இல் பிக்-5 என்று வேறொன்று போட்டது, அதில் 13,053. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெய்ஜிங்கில் ஓர் எழுத்தாக இருக்கும் அதே இரண்டு எண்கள் தைபேயில் வேறொரு எழுத்து. அட்டவணை எதுவென்றே தெரியாத ப்ரௌசருக்கு அவை இரண்டு ஐரோப்பிய எழுத்துகள்.

எந்த அட்டவணை என்பதை ப்ரௌசரிடம் இரண்டு இடங்களில் சொல்லலாம். பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி எழுதலாம், அல்லது பக்கத்தை அனுப்பும் சர்வர் தன் முன்குறிப்பில் சொல்லலாம். இரண்டும் முரண்பட்டால் சர்வர் சொல்வதுதான் செல்லும். கடிதத்துக்குள் என்ன எழுதியிருந்தாலும் தபால்காரர் உறைமேல் இருப்பதைத்தானே நம்புவார். க்ளினிக்கின் பக்கம் "நான் பிக்-5" என்றது. எங்கள் சர்வர் "இது மேற்கு ஐரோப்பா" என்று உறைமேல் எழுதி அனுப்பியது. அந்த ஒரு வரியைத் திருத்தினேன். பக்கம் சீனமாகிவிட்டது.

இந்தக் குப்பைக்குச் சீனர்கள் லுவான்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னார். குழம்பிப்போன குறி என்று பொருள். ஜப்பானியர்கள் மோஜிபாகே என்கிறார்கள், எழுத்து உருமாறிப்போவது. தமிழில் இதற்குச் சொல் இருக்கிறதா என்று கேட்டார். "பொட்டி பொட்டியா வருதுன்னுதான் சொல்லுவோம்" என்றேன். அது வேறு நோய் என்பது அடுத்த வாரம் புரிந்தது.

*

க்ளினிக்கில் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிவிட்டு ப்ரௌசர் மட்டும் ஓடும் சின்ன லினக்ஸ் இயந்திரங்களை வைத்தார்கள். அதற்குள் நாங்கள் பக்கங்களை எல்லாம் யுடிஎஃப்-8-க்கு மாற்றியிருந்தோம். உலக எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை என்பது யூனிகோட். அந்த எண்களை பைட்டுகளாக எழுதும் முறைகளில் ஒன்று யுடிஎஃப்-8. 1992-இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது மேசை விரிப்புத் தாளில் கிறுக்கி உருவாக்கியது. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். நம் ஆனாவுக்கு மூன்று. புழக்கத்தில் உள்ள சீன எழுத்துகளுக்கும் மூன்று. அந்தக் கணக்கில் நாங்களும் அவர்களும் ஒரே பந்தி என்பதில் எனக்கொரு சின்ன சந்தோஷம்.

புது இயந்திரத்தில் பக்கத்தைத் திறந்தால் வரிசையாகப் பெட்டிகள். இந்த முறை எண்கள் சரி, அட்டவணையும் சரி. வரைந்து காட்ட எழுத்துருதான் இல்லை. இந்த வெற்றுப் பெட்டிகளுக்கு டோஃபு என்று செல்லப்பெயர். பார்க்கச் சோயாக் கட்டி மாதிரி இருப்பதால். கூகுளின் நோட்டோ எழுத்துருக்களுக்குப் பெயர் வந்ததே "நோ டோஃபு" என்பதிலிருந்துதான். அதே 2014 ஜூலையில்தான் கூகுளும் அடோபியும் சேர்ந்து சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கான பெரிய எழுத்துருவை இலவசமாக வெளியிட்டிருந்தன. அதில் 65,535 வடிவங்கள். ஓர் எழுத்துருக் கோப்பில் அதற்குமேல் இடமே இல்லை. அதை நிறுவினேன். பெட்டிகள் மறைந்து எழுத்துகள் வந்தன. டிக்கெட்டை மூடினேன்.

மறுநாள் காலை அக்கா அதைத் திறந்து வைத்திருந்தார். "எலும்பு தப்பாக இருக்கிறது."

எலும்புப் பிரிவு என்ற பலகையில் எலும்பைக் குறிக்கும் எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பியிருந்தார். பக்கத்தில் தன் கையால் எழுதிய இன்னொன்று. இரண்டையும் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தேன். எழுத்தின் மேல்பாகத்துக்குள் ஒரு சின்ன மூலை. அவர் எழுதியதில் வலப்பக்கம் இருந்தது, எங்கள் திரையில் இடப்பக்கம். அவ்வளவுதான். "இதுக்குப் போயா?" என்று பக்கத்து சீட்டு நண்பனிடம் சொன்னது நினைவிருக்கிறது.

யூனிகோட் குழுவினர் 1992-இல் சீன எழுத்துகளைச் சேர்த்தபோது, சீனா, தைவான், ஜப்பான், கொரியா நான்கிலும் புழங்கும் எழுத்துகளில் வேர் ஒன்றாகவும் வடிவம் சற்றே வேறாகவும் இருந்தவற்றுக்கு ஒரே எண் கொடுத்தார்கள். அப்படி வந்தவை 20,902. எலும்பு அவற்றில் ஒன்று. சீனாவில் அதை ஒன்பது கோடுகளில் எழுதுவார்கள், தைவானில் பத்து. எண் ஒன்றுதான். யாருக்கு எந்த வடிவம் என்பதை ப்ரௌசர் எப்படி முடிவு செய்யும்? பக்கத்தின் மொழி எது என்று எச்டிஎம்எல்-இல் ஒரு குறிப்பு எழுதுவோம், அதைப் பார்த்து. நான் அங்கே சீனம் என்பதற்கான இரண்டு எழுத்தை மட்டும் போட்டிருந்தேன். எந்த ஊர்ச் சீனம் என்று சொல்லவில்லை. ப்ரௌசர் பெய்ஜிங் எலும்பை எடுத்துப் போட்டுவிட்டது.

"படிக்க முடியும்தானே?" என்று கேட்டேன்.

"முடியும்" என்றார். "ஆனால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வேறு ஊர் ஆள் எழுதிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது."

அன்று இரவு என் அப்பாயி ஞாபகம் வந்தது. 'லை', 'னை' எல்லாவற்றுக்கும் அப்பாயி தும்பிக்கை போட்டுத்தான் எழுதும். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்தைச் சீர்திருத்தி அந்தத் தும்பிக்கையை எடுத்துவிட்டது. நான் பள்ளியில் கற்றது புது வடிவம். என் நோட்டைப் பார்த்து அப்பாயி ஒருமுறை, "இந்த யானைக்குத் தும்பிக்கை எங்கடா போச்சு?" என்றது. இன்றைக்கும் யூனிகோடில் பழைய னைக்கும் புது னைக்கும் எண்கள் ஒன்றுதான். தும்பிக்கை வருமா வராதா என்பது எழுத்துருவின் கையில். அப்பாயிக்கு எங்கள் எழுத்தைப் படிக்க முடியும். ஆனால் அதை அப்பாயி எழுதியதில்லை.

மொழிக் குறிப்பில் தைவானையும் சேர்த்தேன். எலும்பு சரியானது. இதையெல்லாம் கற்றுக்கொண்ட பெருமையில் இருந்தேன். நான் செய்த உண்மையான தவறு அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

*

பழைய டேட்டாபேஸை பிக்-5-இலிருந்து யூனிகோடுக்கு மாற்ற ஒரு ஸ்க்ரிப்ட் எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு அதை ஓட்டினால் பாதியில் நின்றது. அட்டவணையில் இல்லாத எண் ஒன்று ஒரு பெயரில் இருக்கிறது என்றது. அதைத் தாண்டி ஓட்டினால் இன்னொன்று. திங்கள்கிழமை க்ளினிக் புது முறையில் திறக்க வேண்டும். இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே ஒரு வசதி உண்டு. தெரியாத எண் வந்தால் நிற்காதே, ஒரு மாற்றுக்குறியைப் போட்டுவிட்டு மேலே போ என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். சேர்த்தேன். ஸ்க்ரிப்ட் ஓடி முடிந்தது. பல ஆயிரம் பெயர்களில் 47-இல் மட்டும் அந்தக் குறி. கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. 47-தானே என்று வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா ஒரு சம்பவம் சொன்னார். க்ளினிக்கில் நர்ஸ் திரையைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார். ஒரு பெயரில் குடும்பப் பெயருக்குப் பிறகு வைரம். நர்ஸ் "சென்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். தைவானில் ஆக அதிகமான குடும்பப் பெயர் சென். மூன்று பேர் எழுந்தார்கள். அதில் ஒருவரை உள்ளே அழைத்தாயிற்று. கூப்பிட வேண்டியவர் எழவே இல்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், தன் முழுப் பெயர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு வந்தவர், மதியம் கதவடைக்கும்போது கவுண்ட்டரில் வந்து கேட்டாராம்: "என் பேரைக் கூப்பிடவே இல்லையே?"

அவர் பெயரில் இருந்த எழுத்தை அக்கா எனக்கு விளக்கினார். மேலே சதுரம் என்ற எழுத்து பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறை, கீழே மண் என்ற எழுத்து. குன் என்று உச்சரிப்பு. பிக்-5-இன் 13,053-இல் அது இல்லை. 2002 முதல் 2005 வரை தைவானின் பிரதமராக இருந்த யூ ஷி குன் பெயரிலும் அதே எழுத்துதான். பத்திரிகைகளுக்கு அதை அச்சடிக்க வழியில்லாமல் "சதுரம் சதுரம் மண்" என்று மூன்று எழுத்துகளாகப் பிரித்துப் போட்டார்கள். சீனாவிலும் இதே கதை. 1998-இல் பிரதமரான ஜூ ரோங்ஜியின் பெயரில் நடு எழுத்து ஜிபி 2312-இல் கிடையாது. நாட்டையே ஆள்பவரின் பெயருக்கு அட்டவணையில் இடம் இல்லை.

"அதே உச்சரிப்பில் வேறு எழுத்து இல்லையா?" என்றேன்.

"இருக்கிறது. பொருள்கூட அதேதான். ஆனால் அது வேறு ஆளின் பெயர்."

இளங்கோவை இலங்கோ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை.

அப்படியென்றால் பழைய கம்ப்யூட்டரில் அவர் பெயர் எப்படித் தெரிந்தது? அதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். விண்டோஸில் தனக்கு வேண்டிய எழுத்தைத் தானே வரைந்துகொள்ளும் ஒரு கருவி உண்டு. பிக்-5-இலும் அதற்கென்று காலி இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். க்ளினிக்கின் வரவேற்பில் பல வருடம் இருந்த ஓர் அம்மா, அட்டவணையில் இல்லாத எழுத்தோடு யாராவது வந்தால், அதைச் சதுரக் கட்டங்களில் புள்ளி புள்ளியாக நிரப்பி வரைந்து, அடுத்த காலி எண்ணில் சேமித்து வைத்திருக்கிறார். அந்த எண்ணுக்கு உலகத்தில் வேறெங்கும் பொருள் கிடையாது. அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது ஓர் எழுத்து. நாங்கள் அந்தக் கம்ப்யூட்டரைத்தான் கழற்றி அனுப்பியிருந்தோம். அதன் டிஸ்க்கையும் அழித்தாயிற்று.

டேட்டாபேஸின் பேக்கப் இருந்தது. அது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது.

*

ஒரு பெயர் திரையில் தவறாகத் தெரிய நான்கு வழிகள் இருக்கின்றன என்று அந்த வேலையில் தெரிந்துகொண்டேன். குப்பையாக வந்தால் அட்டவணை தவறு. வேறு ஊர் வடிவத்தில் வந்தால் மொழிக் குறிப்பு தவறு. பெட்டியாக வந்தால் எழுத்துரு இல்லை. இந்த மூன்றிலும் எண் பத்திரமாக இருக்கிறது. எத்தனை வருடம் கழித்தும் யாராவது வந்து சரிசெய்யலாம். கல்லூரியில் ஒரு பழைய எழுத்துருவில் நான் எழுதி வைத்திருந்த மோசமான கவிதைகளைக்கூடப் பத்து வருடம் கழித்து ஒரு கன்வெர்ட்டரில் போட்டு மீட்டேன். மீட்டிருக்க வேண்டாம், அது வேறு விஷயம்.

கேள்விக்குறி அப்படியில்லை. அந்தக் குறிக்கே யூனிகோடில் ஓர் எண் உண்டு. என் ஸ்க்ரிப்ட் பழைய எண்ணை அழித்துவிட்டு அந்த எண்ணை எழுதியிருந்தது. வெவ்வேறு எழுத்துகள் எல்லாம் ஒரே எண்ணாகிவிட்டன. சீனப் புரோகிராமர்கள் மத்தியில் இதைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. இந்தக் குறி இரண்டு அடுத்தடுத்து வந்து, அவற்றின் பைட்டுகளைச் சீனாவின் பழைய அட்டவணையில் படித்தால், குன் ஜின் காவ் என்று பொருளற்ற மூன்று எழுத்துகள் வரும். எங்கே அதைப் பார்த்தாலும் அங்கே ஏதோ ஒன்று தொலைந்துபோயிருக்கிறது, இனிக் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். ப்ரௌசரை மாற்று, எழுத்துருவை மாற்று, எதுவும் நடக்காது. ப்ரௌசர் சரியாகத்தான் காட்டுகிறது. காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

பேக்கப்பிலிருந்து அந்த 47 பெயர்களை மறுபடி எடுத்தேன். இந்த முறை வரவேற்பு அம்மாவின் எண்களை யூனிகோடின் தனியார் பகுதிக்கு மாற்றினேன். அதில் 6,400 இடங்கள், எந்த எழுத்தையும் அங்கே வைக்கமாட்டோம், உங்கள் இஷ்டப்படி பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்தது. திரையில் கேள்விக்குறிகள் போய்ப் பெட்டிகள் வந்தன. மேனேஜர் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஒரு வாரமா இதையா பண்ணின? அப்பவும் படிக்க முடியல, இப்பவும் முடியல" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் எழுத்துரு இல்லாத பெட்டிக்குள் அதன் எண்ணைப் பொடியாக எழுதிக் காட்டும். 47 பெயர்களில் வெவ்வேறு எண்கள் 19. அதாவது தொலைந்துபோன எழுத்துகள் 19-தான். பல பேர் ஒரே எழுத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா 19 எண்களையும் ஒரு தாளில் எழுதி க்ளினிக் கவுண்ட்டரில் ஒட்டினார். அந்த நோயாளிகளில் ஒருவர் வந்தால் அவர் பெயரை அவர் கையாலேயே எழுதச் சொல்ல வேண்டும். முதலில் வந்தவர் காது மந்தமான பெரியவர். மேலே சதுரம் சதுரம், கீழே மண். அந்த எழுத்து யூனிகோடில் முதலிலிருந்தே இருந்தது. எண்ணை மாற்றியதும் அவர் பெயர் வந்தது. அதே பெட்டி எண்ணோடு இருந்த இன்னும் நான்கு பேரின் பெயரும் அவர்கள் வராமலே வந்துவிட்டது. ஒருவர் எழுதிக் காட்டியதில் ஐந்து பேருக்குப் பெயர் திரும்பியது. கேள்விக்குறியாகவே விட்டிருந்தால் இது நடந்திருக்காது. யாருடைய கேள்விக்குறி யாருடையது என்று எப்படித் தெரியும்?

ஓய்வுபெற்றுப் போயிருந்த வரவேற்பு அம்மாவையும் அக்கா தேடிப் போய்ப் பார்த்தார். எண் எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. ஆட்களை ஞாபகம் இருந்தது. தன் எழுத்து கம்ப்யூட்டரில் இல்லை என்றதும் ஒவ்வொருவரும் இடது உள்ளங்கையை விரித்து வலது விரலால் அதில் எழுதிக் காட்டுவார்களாம். அதைப் பார்த்துத்தான் வரைந்தேன் என்றார். அந்த ஞாபகத்திலிருந்தே ஆறு எழுத்துகள் கிடைத்தன. ஒரு வயதான பெண் தன் பெயர் முதல்முறை திரையில் வந்தபோது, அதை அச்செடுத்துத் தரமுடியுமா என்று கேட்டு வாங்கிப் போனதாகவும் சொன்னாராம்.

நாலைந்து மாதத்தில் 17 எழுத்துகள் வந்துவிட்டன. இரண்டு எண்கள் மிச்சம். அவற்றுக்குரிய மூன்று நோயாளிகள் க்ளினிக் பக்கம் திரும்ப வரவில்லை. ப்ராஜெக்ட்டை ஒப்படைக்கும் நேரத்தில் அறிக்கையில் அந்த மூன்று பெயர்கள் சிவப்பில் நின்றன. கேள்விக்குறி போட்டால் அறிக்கை பச்சையாகிவிடும், போட்டுவிடு என்றார்கள். நான் போடவில்லை. தெரிந்த பிழை என்று எழுதி, காரணத்தையும் எழுதி, பெட்டியாகவே விட்டுவிட்டேன். அந்த வருடம் எனக்கு வந்த மதிப்பீட்டில் சின்ன விஷயங்களில் அதிக நேரம் செலவிடுகிறார் என்று ஒரு வரி இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஸ்க்ரிப்ட் எழுதிவிட்டேன். தெரியாதது வந்தால் மாற்றுக்குறி போட்டு மேலே போ என்ற அந்த ஒரு சொல்லை எதிலும் சேர்த்ததில்லை. தெரியாதது வந்தால் ஸ்க்ரிப்ட் நிற்கட்டும். வெள்ளிக்கிழமை இரவாக இருந்தாலும் நிற்கட்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஏன் அண்ணா என்று கேட்டால் எலும்பு க்ளினிக் கதையைச் சொல்வேன்.

நான் அந்த நிறுவனத்தைவிட்டு வந்து மூன்று வருடம் கழித்து ஒருநாள் காலை, டீக்கடையில் நிற்கும்போது, அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. மருந்துச் சீட்டின் பின்பக்கம், நடுங்கும் கையில் எழுதிய ஒரே ஓர் எழுத்து. என்ன எழுத்து என்று எனக்கு இப்போதும் தெரியாது. கீழே எழுதியிருந்தார்: "18 ஆயிற்று. இன்னும் ஒன்று பாக்கி."